கரட்டு மேட்டு ஏரோப்ளேன்

எங்கள் ஊர்ப் பக்கம் மார்கழி பிறந்துவிட்டால் கிழக்கேயிருந்து காற்று கிளம்பிவிடும். கோயம்புத்தூர்ச் சீமையில் வேலையில்லாமல் கிடக்கிற காற்றெல்லாம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கேரளத்துக்குள் நுழையும்போது முதலில் எங்கள் வாசலைத்தான் மிதிக்கும். கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, பனைமரமும் நெல்வயலுமாகக் கிடக்கிற ஊர் எங்களுடையது. பனையோலைச் சலசலப்பில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது என்பதால், நலம் விசாரிப்பதைக்கூடச் சண்டைக்குரலில்தான் விசாரிப்போம். காயப்போட்ட சேலையைத் தேடிப் பக்கத்து ஊருக்குப் போய்வந்த அனுபவம் எனக்கு உண்டு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று மற்ற ஊர்க்காரர்கள் பெருமையடித்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு ஆடியில் மழைக்காற்று, தையில் வறட்டுக்காற்று. எங்கள் அம்மிக்கு வருஷத்தில் இரண்டு பயணம்.

எழுபதுகளில் ஒரு தை மாதம். நான் யாருக்குக் கழுத்தை நீட்டுவது என்று அந்தத் தையில் முடிவாக வேண்டியிருந்தது. கைவசம் இரண்டு இடம். ஒன்று, பொள்ளாச்சிப் பக்கம் ரைஸ் மில் வைத்திருந்த குடும்பம். மாப்பிள்ளை மில்லுக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்ட போட்டோ வந்திருந்தது. அதில் மில்தான் தெளிவாக விழுந்திருந்தது. இன்னொன்று, என் அத்தை மகன். மூணாறில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. முறைப்படி நான் அவருக்குத்தான். முறை கிடக்கட்டும், எனக்கு அவர்தான் வேண்டும். பள்ளிக்கூடம் படிக்கிற வயதில் எங்கள் கிணற்று மோட்டாரைக் கழற்றிக் களத்தில் பரப்பிவிட்டு, திருப்பி மாட்டத் தெரியாமல் ஒரு முழி முழித்தார் பாருங்கள், அந்த முழியிலேயே நான் விழுந்துவிட்டேன். இதை அம்மாவிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியும் விட்டேன். அம்மாவுக்கும் சம்மதம்தான். ஆனால் எங்கள் வீட்டில் அம்மாவின் சம்மதம் என்பது குழம்புக்குக் கறிவேப்பிலை மாதிரி. வாசத்துக்குப் போடுவார்கள், தின்னமாட்டார்கள்.

முடிவு அப்பா கையில் இருந்தது. அப்பாவோ எதற்கும் நேராகப் பதில் சொல்கிற மனிதர் இல்லை. சாப்பிட வருகிறீர்களா என்று கேட்டால், "ஏன், சோறு எந்திரிச்சு ஓடுதா?" என்பார். மழை வருமா என்று கேட்டால், "வந்தா நீ என்ன நெல்ல எடுத்து உள்ள வெச்சிருக்கிறயா?" என்பார். ஆயுள் முழுவதும் கேள்விக்குக் கேள்வியாலேயே பதில் சொல்லி, ஒரு வாக்கும் கொடுக்காமல், அதனால் ஒரு வாக்கும் தவறாமல் வாழ்ந்தவர். என் கல்யாண விஷயத்தில் அவர் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு வாக்கியம். அதுவும் என் அத்தையின் வீட்டுக்காரரைப் பற்றி. அந்த மாமா தன் பங்கு வயலை விற்றுவிட்டு மூணாறுக்கு எஸ்டேட் உத்தியோகத்துக்குப் போனவர். போன இடத்திலேயே காலமானார்.

"மண்ண வித்தவன் ஊட்டுக்குப் பொண்ணக் குடுத்தா, மறு வருசம் பொண்ணையும் சேத்து வித்துப்போடுவானுக," என்று அப்பா ஒருநாள் எருமையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எருமை பக்கத்தில் நான் நின்றேன்.

இந்த நிலைமையில்தான் அத்தை மகன், அதாவது மச்சான், பொங்கலுக்கு ஓர் ஏரோப்ளேனைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அது அவரிடம் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எஸ்டேட் துரைமார் ஊரைவிட்டுக் கிளம்பும்போது பங்களாவின் புல்தரையில் சாமான்களைப் பரப்பி வைத்து வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு துரை சீமைக்குத் திரும்பியபோது, அத்தை தன் மகனை ஊறுகாய் போடக் கண்ணாடி ஜாடி வாங்கிவரச் சொல்லி அனுப்பியிருக்கிறார். "ஜாடி வாங்கப் போனவன் பொணப்பெட்டியத் தூக்கிட்டு வந்தானே, அதப் பாத்து எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு," என்று அத்தை வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் ஆள் நீளத்துக்கு ஒரு றெக்கை, மீன்மாதிரி ஒரு உடம்பு, சின்னதாக ஒரு வால். கட்டையைத் தூக்கினால் கை ஏமாந்துபோகும், அவ்வளவு எடையில்லாத மரம். மேலே பட்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. இன்ஜின் கிடையாது. மலைச்சரிவில் முட்டுகிற காற்று மேலே ஏறித்தானே ஆகவேண்டும். அந்த ஏறுகிற காற்றின்மேல் இது சும்மா உட்கார்ந்துகொள்ளும். கீழே நிற்பவர் கையில் சோற்று டப்பா அளவுக்கு ஒரு ரேடியோப் பெட்டி, அதில் ஆள் உயர ஏரியல், இரண்டு குச்சி. குச்சியை அசைத்தால் மேலே வால் அசையும். வாலை அசைத்தால் ஏரோப்ளேன் திரும்பும்.

ரேடியோ என்ற பேச்சு எஸ்டேட் தபாலாபீஸுக்கு எட்டியதும் போஸ்ட்மாஸ்டர் மச்சானைக் கூப்பிட்டு விட்டாராம். அந்தக் காலத்தில் வீட்டில் ரேடியோ இருந்தால் தபாலாபீஸில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். "ஐயா, இதுல பாட்டு வராது," என்று மச்சான் விளக்கியிருக்கிறார்.

"பாட்டு வரலைன்னா ரிப்பேருன்னு அர்த்தம்," என்றாராம் திருநெல்வேலிக்காரரான போஸ்ட்மாஸ்டர். "ரிப்பேரான ரேடியோவுக்கும் லைசென்ஸ் உண்டுல்லா? உள்ள வாரும்."

மச்சான் எடுத்துவிட்டார். சட்டத்துக்குப் பயந்த மனிதர். பெரியவர்கள் சொன்னால் சரி, போஸ்ட்மாஸ்டர் சொன்னால் சரி, போர்டில் எழுதியிருந்தால் ரொம்பச் சரி. அந்தக் குணம்தான் பின்னால் எங்களைக் கரட்டு மேட்டில் கொண்டுபோய்க் கவிழ்க்கப் பார்த்தது.

வட்டவடைப் பக்கம் மலைச்சரிவில் நின்று அதை விடப் பழகியிருக்கிறார். முதல் நாள் முட்டைக்கோஸ் தோட்டத்தில் போய் விழுந்ததாம். தோட்டக்காரர் அதைப் பட்டாளத்துச் சாமான் என்று நினைத்து, கையில் அரிவாளோடு காவலுக்கு நின்றிருக்கிறார். உடைமைக்காரர் வந்ததும், பயந்ததற்கு வெட்கப்பட்டுக்கொண்டு ஏரோப்ளேனோடு ஒரு முட்டைக்கோஸையும் கொடுத்து அனுப்பினாராம். அப்புறம் அப்புறம் நன்றாகவே பறந்தது என்று மச்சான் சொன்னார். நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, எனக்கு அந்த ஆள்தானே வேண்டும்.

போகியன்று மத்தியானம், உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி, பஸ் கூரைமேல் பெட்டியைக் கட்டிக்கொண்டு அத்தையும் மகனும் வந்து இறங்கினார்கள். எல்லைச் செக்போஸ்டில் பெட்டியைக் கீழே இறக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு அரிசி கடத்துகிறார்கள் என்று கெடுபிடி அதிகம். இடுப்புச் சேலைக்குள்ளிருந்தே அரிசி எடுத்துப் பழகியவர்கள் அவர்கள். றெக்கையைத் தட்டிப் பார்த்து, குலுக்கிப் பார்த்து, காதில் வைத்துக் கேட்டும் பார்த்தார்களாம். கடைசியில் ஒருவர் "இது பறக்குமோ?" என்று கேட்க, மச்சான் "பறக்கும் சாரே," என்று சொல்ல, "பின்னே எந்தினா பஸ்ஸில் வந்நது?" என்று, அப்புறம் எதற்குப் பஸ்ஸில் வந்தாய் என்று, மலையாளத்தில் கேட்டுவிட்டு விட்டுவிட்டார்.

இதை மச்சான் சொன்னபோது வீடே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. அவ்வளவு நீளப் பெட்டிக்கு இடம் நெல் பத்தாயம் இருந்த அறையில்தான் இருந்தது. விதைநெல் மூட்டைகளுக்கு மேலே அதை வைத்தோம். அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மச்சான் பக்கத்திலேயே நிற்கிறார், அவரிடம் கேட்கவில்லை. தன் தங்கையைப் பார்த்துக் கேட்டார்.

"இதுக்குத் தீனி என்ன?"

"காத்துதானுங்ணா," என்றார் அத்தை.

"அது இங்க ஏராளமாக் கெடக்குதே," என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். இதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்வதா, ஏச்சாக எடுத்துக்கொள்வதா என்று நானும் அம்மாவும் அடுப்படியில் வெகுநேரம் விவாதித்தோம்.

மாட்டுப் பொங்கல் அன்று கல்யாணத் தரகர் வந்தார். குடையும் வெற்றிலைப் பையுமாக ஊர் ஊராய் அலைகிறவர். இவரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. என்னை ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் "பொண்ணு ஒரு சுத்துப் பூசியிருக்குது" என்று, எருமைச் சந்தையில் சொல்வதுபோல, அம்மாவிடம் சொல்வார். ரைஸ் மில்காரர்களுக்கு இந்தப் பொங்கலுக்குள் பதில் வேண்டுமாம். இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துவிடுவார்களாம்.

"பதில நாளைக்கு வாங்கிக்கறீங்களா?" என்றார் அப்பா.

"வாங்கிக்கறனுங்ணா. நாளைக்கு எங்கிருப்பீங்க?"

"நான் எங்க போவேன்?"

மறுநாள் பூப்பறிக்கிற நோம்பி என்கிற பண்டிகை. எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் ஊருக்குக் கிழக்கே இருக்கிற கரட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு போகிற நாள். கரடு என்றால் பெரிய மலையெல்லாம் இல்லை. பாறையும் ஆவாரஞ்செடியுமாக ஒரு மேடு. நேராகக் கிழக்கைப் பார்த்த சரிவு. கணவாய்க்காற்று வந்து மோதுகிற முதல் சுவர் அதுதான். பூப்பறிப்போம், கும்மியடிப்போம், புளிச்சோறு தின்போம். ஆண்பிள்ளைகள் வரமாட்டார்கள். அப்பாவைப் போன்ற ஆண்பிள்ளைகள் அந்தத் திசையிலேயே தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். அன்றைக்கு நாங்கள் மேடேறிப் போய்ச் சேர்ந்தபோது, அப்பா அங்கே ஒரு பாறைமேல் முன்கூட்டியே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நீங்க எங்க இங்க?" என்றார் அம்மா.

"ஆட்டுக்குக் கொழை ஒடிக்க வர்றதில்லையா?"

எங்கள் வீட்டில் ஆடே கிடையாது. அம்மா அதை எடுத்துச் சொல்லவில்லை. கொஞ்சநேரத்தில் குடையை ஊன்றிக்கொண்டு தரகரும் மூச்சு வாங்க மேலேறி வந்து, அப்பாவுக்குப் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தார். பதில் வாங்க வந்தவர்.

மச்சானும் நானும் பெட்டியைச் சரிவின் உச்சிக்குக் கொண்டுபோனோம். ஏரோப்ளேனை வீசுகிற வேலை எனக்கு. அவருடைய இரண்டு கையும் ரேடியோப் பெட்டியில் இருக்க வேண்டும் என்பதால், காற்றைப் பார்த்து ஓடி, தலைக்கு மேலே பிடித்து, நேராக விடுவதற்கு இன்னொரு ஆள் தேவை. வயலுக்கு நாற்றுக்கட்டு வீசிப் பழகிய கை எனக்கு. காற்று வாட்டமாக அடித்தது. சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் தயாராக நின்றேன்.

மச்சான் பெட்டியைத் திறந்தார். உடம்பை எடுத்தார். றெக்கையை எடுத்து, ரப்பர் பேண்டால் உடம்போடு மாட்டினார். அப்புறம் வாலைப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

வாலில் காப்புக் கட்டியிருந்தது.

போகியன்று சாயங்காலம் எங்கள் பக்கத்தில் காப்புக் கட்டுவார்கள். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கொத்தாக்கி, வீட்டு எரவாணம், மாட்டுக் கொட்டகை, களம், கிணறு, வண்டி என்று எல்லாவற்றிலும் கட்டிவிடுவது. கட்டிவிட்டால் நோம்பி முடியும்வரை அவிழ்ப்பது ஆகாது. ஏரோப்ளேன் வாலில் கட்டிய புண்ணியவான் கஞ்சத்தனமே பார்க்கவில்லை. ஒரு கைப்பிடிக்குக் குறையாத கொத்து. வண்டி நுகத்தடிக்குக் கட்டுகிற மாதிரி பனைநாரால் சுற்றி முறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. பண்ணையாள் யாரோ வரிசையாகக் கட்டிக்கொண்டு போகிற வேகத்தில் இதற்கும் கட்டியிருப்பான் என்று நினைத்தேன்.

"பிச்சு எறியுங்க மச்சான்."

பசுவை வெட்டச் சொன்னவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "காப்பையா? நோம்பி முடியறதுக்குள்ளயா? உங்கூட்டுக்கு ஒரம்பரையா, விருந்தாளியா வந்துட்டு, உங்கூட்டுல கட்டுன காப்ப நான் அவுக்கறதா? மாமன் அங்க ஒக்காந்து பாத்துட்டே இருக்கறாரு."

"நீங்க அவுக்க வேண்டாம். நான் அவுக்கறேன்."

"நீ அவுத்தா மட்டும்? ஊட்டுக்கு ஆகாது அம்மிணி."

"சரி, அதோட பறக்குமா?"

றெக்கைக்கு அடியில் இரண்டு பக்கமும் விரலை வைத்துத் தூக்கிக் காட்டினார். வால் பொத்தென்று கீழே சாய்ந்தது. "மூக்குத்தான் கனமா இருக்கோணும். வாலு கனத்தாப் பொறத்தால ஒக்காந்துக்கும். பறக்காது."

"பறக்காதுன்னு தெரிஞ்சே உடப்போறீங்களா?"

"காத்து பலமா இருக்குதே. பாக்கலாம்."

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. மெஷின் படித்த மனுஷன். எடை தெரியும், கணக்குத் தெரியும், விரலில் வைத்துப் பார்த்து விழும் என்று வாயாலேயே சொல்லியாயிற்று. ஆனால் ஒரு கொத்து வேப்பிலையைப் பார்த்ததும் அத்தனை படிப்பும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டது. என் வாழ்க்கை பனைநார் முடிச்சில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அவிழ்க்க இவருக்குத் தைரியம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏரோப்ளேனைத் தலைக்குமேல் தூக்கினேன். "உடு!" என்றார். ஓடினேன், விட்டேன்.

அது போனது. ஒரு மூச்சு நேரம் நன்றாகவே போனது. கும்மியடித்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு "ஏ!" என்றார்கள். அப்புறம் அது மூக்கைத் தூக்கியது, இன்னும் தூக்கியது, முன்னங்கால் தூக்கிய காளைக்கன்று மாதிரி வானத்தைப் பார்த்து நெட்டுக்குத்தாக நின்றது. மச்சான் குச்சியைப் பிடித்து இழுத்தார், தள்ளினார், கடைசியில் சாமி பேரைச் சொன்னார். நின்ற இடத்திலிருந்து அது பின்பக்கமாகவே சறுக்கி, திரும்பி, கும்மி வட்டத்தைப் பார்த்து வந்தது. பெண்கள் நாலா பக்கமும் சிதறினார்கள். அத்தை மட்டும் ஓடவில்லை. புளிச்சோற்றுப் போசிமேல் குப்புறப் படுத்து அதைக் காப்பாற்றினார். மகன் ஆசை ஆசையாக வாங்கிவந்த ஏரோப்ளேன் எக்கேடு கெட்டால் என்ன, சோறு முக்கியம். ஏரோப்ளேன் அவரைத் தாண்டிப் போய் ஆவாரம் புதருக்குள் விழுந்தது. றெக்கை ரப்பர் பேண்டோடு கழன்று தனியாக உருண்டது.

மச்சான் ரேடியோப் பெட்டியை என் கையில் திணித்துவிட்டுப் புதரைப் பார்த்து ஓடினார். மேட்டில் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தரகருடைய சிரிப்புத்தான் எல்லாருக்கும் கடைசியில் ஓய்ந்தது.

"ஏனுங்ணா, ஏரோப்ளேன் வாலுல என்னுங்க அது, செண்டாட்ட?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"காப்பு," என்றார் அப்பா.

"காப்பா? அதுக்குப் போயி எந்தப் புத்திகெட்டவன் காப்புக் கட்டுவான்?"

"நாந்தான் கட்டுனேன். ஏன்?"

தரகர் பேச்சை மாற்றியிருக்கலாம். ஆனால் ஊர் வழக்கமெல்லாம் தனக்குத்தான் அத்துப்படி என்ற கர்வம் அவருக்கு உண்டு. "தப்பா நெனைக்காதீங்கண்ணா. நம்ம ஊடு, நம்ம மாடு, நம்ம வண்டிக்குக் கட்டுவோம். ஒரம்பரைக்காரங்க சாமானத்துக்கு நாம காப்புக் கட்டற வழக்கம் இல்லீங்களே?"

அப்பா வெற்றிலையை மென்று முடித்தார். பாறைக்கு அந்தப் பக்கம் குனிந்து துப்பினார். வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"ஒரம்பரைன்னு ஆரு சொன்னா?" என்றார்.

அம்மா கையில் இருந்த பூக்கூடை கீழே விழுந்தது. காற்று பூவையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது, அம்மா பிடிக்கவில்லை. அத்தை போசியை விட்டு எழுந்து நின்று, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். போகியன்று சாயங்காலம், யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், விதைநெல் அறைக்குள் தனியாகப் போய், பெட்டியைத் திறந்து, பனைநார் முறுக்கி, தன் வீட்டுச் சாமானுக்குக் கட்டுவதுபோல அப்பா கட்டியிருக்கிறார். அதற்கப்புறமும் மூன்று நாள் என்னைத் தவிக்கவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார். ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. நாலு வார்த்தை திட்டவும் தோன்றியது. எங்கள் வீட்டில் இரண்டும் வழக்கமில்லை.

தரகருக்குப் பதில் கிடைத்துவிட்டது. எழுந்து, எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டு, கௌரவமாக இறங்கிப் போக வேண்டும் என்று குடையை விரித்தார். காற்று அதை ஒரே வீச்சில் வெளிப்புறமாகத் திருப்பிவிட்டது. திரும்பிய குடையோடு அவர் சரிவில் இறங்கிப் போனதைப் பார்த்து நான் சிரித்தேன். என்னை ஒரு சுற்றுப் பூசியவள் என்றதற்கு அது.

இத்தனையும் நடந்தது தெரியாத ஒரே ஆள் மச்சான்தான். புதருக்குள் தலையைவிட்டு ரப்பர் பேண்டு பொறுக்கிக்கொண்டிருந்தார். காற்றில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் போய் நின்றதும் நிமிர்ந்தார். தலையெல்லாம் ஆவாரம்பூ.

"ஒண்ணும் ஒடையல அம்மிணி. ஆனா இந்தக் காப்பு இருக்கறவரைக்கும் ஆகாது. நீ சொன்னதுதான் சரி. மாமங்கிட்டக் கேட்டு அவுத்தரலாமா?"

"அவுத்தீங்கன்னா என்னையும் மறந்துருங்க."

இப்போதுதானே பிய்த்து எறியச் சொன்னாள், அதற்குள் என்ன ஆயிற்று என்று விழித்தார். அதே கிணற்று மோட்டார் முழி. எதுவும் கேட்காமல் என் வழக்கமான கோபங்களில் இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார். "அப்ப மூக்குல கனம் வெக்கோணும்," என்றார்.

நான் நேராக அப்பாவிடம் போனேன். "அப்பா, உங்க சுண்ணாம்பு டப்பியக் குடுங்க."

"நான் வெத்தல போடறது புடிக்கலயா?" என்று கேட்டுக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். நல்ல கனமான பித்தளை டப்பி. மூக்கில் வைத்து, என் தலைமுடி ரிப்பனால் இறுக்கிக் கட்டினோம். மச்சான் விரலில் வைத்துப் பார்த்தார். முன்னாலும் சாயவில்லை, பின்னாலும் சாயவில்லை.

இந்தத் தடவை அவர் சொல்லாமலே ஓடினேன். கையைவிட்டு அது போன விதமே வேறு. இறங்குவதுபோலக் கொஞ்சம் குனிந்து, சரிவில் ஏறிவந்த காற்று அடியில் பட்டதும் அப்படியே உயர்ந்தது. எங்கள் தலைக்கு மேலே, பனை உயரத்துக்கும் மேலே போய், காற்றைப் பார்த்துக்கொண்டு ஓரிடத்தில் நின்றுவிட்டது. முன்னால் அப்பாவின் சுண்ணாம்பு டப்பி, பின்னால் அப்பாவின் காப்பு. சத்தமே இல்லை. பெண்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்தார்கள். இடமும் வலமுமாக அதை ஓட்டிக்கொண்டு நின்ற மச்சானைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்பா பாறையிலிருந்து இறங்கி வந்தார். நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார். வந்து மூன்று நாளில் முதல்முறையாக மச்சானிடமே நேராகப் பேசினார்.

"மாப்ள, இது எப்பக் கீழ வரும்?"

"காத்து நின்னா வந்துருமுங்க மாமா."

"இந்தக் காத்து மாசிக்கு முன்ன நிக்காது. அதுக்குள்ளாற நாள் பாத்தரோணும்."

மச்சான் கண்ணை மேலேயிருந்து எடுக்காமல், "எதுக்குங்க மாமா நாளு?" என்றார்.

"கண்ணாலத்துக்கு நாள் பாக்காம, பின்ன ஏரோப்ளேனுக்கா பாப்பாங்க?"

மச்சானின் கை என்ன செய்ததோ தெரியவில்லை. மேலே நின்ற ஏரோப்ளேன் திடீரென்று மூக்கைக் குத்தி இறங்கி, வேகமெடுத்து, ஆகாயத்தில் ஒரு முழுக் குட்டிக்கரணம் அடித்து, காப்பு படபடக்க நிமிர்ந்து, பழைய இடத்துக்கே வந்து நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள்.

"இதெல்லாங்கூடப் பண்ணுமா?" என்றார் அப்பா.

மச்சான் ஏரோப்ளேனை விட்டுவிட்டு என்னைப் பார்த்து முழித்தார்.

"பண்ணுமுங்கப்பா," என்று நான்தான் சொன்னேன்.